கோவிந்தசாமி பழக்கிய பதின்மூன்று ஜோடி ஷூ

விருத்தாசலத்தில் அப்போதெல்லாம் ஷூ போட்டவர்கள் மூன்று வகைதான். ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள், பள்ளிக்கூடத்து என்.சி.சி. பையன்கள், சவுதியிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள். மற்றவர்களுக்கு ரப்பர் செருப்பு. பீங்கான் கம்பெனிகளில் அந்த ரப்பர் செருப்பையும் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். 1993-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில்தான் நான்காவது வகை ஒன்று உண்டானது. அதில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான கோவிந்தசாமி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

கோவிந்தசாமிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஆள் சராசரி உயரம், சராசரி நிறம். அவரிடம் அளவுக்கு மீறி இருந்தவை பாதங்கள் மட்டும்தான். நீளம் எல்லோரையும் போல எட்டாம் நம்பர். அகலம்தான் வேறு. பன்னிரண்டு வயதிலிருந்து மண் மிதித்த கால்கள் அவை. விரல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போலத் தள்ளித் தள்ளி நிற்கும். சுண்டு விரல் மட்டும் குடும்பத்தை விட்டே வெளியேறியதுபோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். குதிங்கால் தோல், சுட்ட ஓடு மாதிரி.

அவர் வேலை பார்த்தது அரங்கநாதன் என்பவருடைய கம்பெனியில். வீட்டுக் கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃப்யூஸ் அங்கே செய்தார்கள். மண் பிசைய ஒரு மெஷின் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது ரிப்பேர். அந்தப் பாதி நாளும் கோவிந்தசாமிதான் மெஷின். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால், அச்சிலிருந்து எடுத்த சாமான் காயாது. அப்போது அரங்கநாதன் தினக்கூலிகளைப் பார்த்து, "மழை விட்டதும் சொல்லி அனுப்பறேன்" என்பார். கோவிந்தசாமி இரண்டு மாதம் வேப்பூருக்குப் போய், நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டாவுக்கு மாவு பிசைவார். கையால்தான்.

அந்த வருஷம் ஃப்யூஸ் வாங்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று புது நிபந்தனை போட்டது. சூளைப் பக்கம் வேலை செய்கிற எல்லோரும் ஷூ போட்டிருக்க வேண்டும். தினக்கூலி ஆட்களைச் சூளை வேலைக்கு வைக்கக் கூடாது, அவர்களைப் பர்மனெண்ட் ஆக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஓர் ஆபீசர் வந்து பார்ப்பார். யார் யார் ஒழுங்காக ஷூ போடுகிறார்கள் என்று அவர் கையெழுத்துப் போட்ட பட்டியலில் பெயர் இருந்தால் பர்மனெண்ட். இல்லாவிட்டால் வேலையே கிடையாது.

அன்று சாயங்காலம் கோவிந்தசாமி இதை மனைவி கமலத்திடம் சொன்னார்.

"அப்ப மழைக்கு வேப்பூரு போவ வேணாமா?" என்று கமலம் கேட்டார்.

"பர்மனெண்டுன்னா மழை பேஞ்சாலும் சம்பளம் வருமாம்."

"வேலை இல்லாத போது எதுக்குத் தருவாங்க?"

"அதெல்லாம் சட்டமாம். ஷூ போட்டாப் போதும்."

கமலம் அவருடைய கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா?" என்றார்.

ஷூ வாங்கும் பொறுப்பு மேஸ்திரி விருத்தகிரியிடம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நவ்ஷாத் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். போலீஸ் வேலைக்குப் போகிற பையன்களுக்காக அவர் வாங்கி வைத்து, விற்காமல் கிடந்த கறுப்புத் தோல் ஷூக்கள் ஏழாம் நம்பரிலும் எட்டாம் நம்பரிலும் இருந்தன. மேஸ்திரி பன்னிரண்டு ஜோடி எடுத்தார். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் எல்லா மனிதர்களும் அடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய கருத்து.

நவ்ஷாத் தொழில் தெரிந்தவர். "மேஸ்திரி, புது ஷூவை எடுத்ததும் நாளு பூரா போடக் கூடாது. மொத நாளு அரை மணி, அடுத்த நாளு ஒரு மணி, வூட்டுக்குள்ளயே நடக்கணும். தடி சாக்ஸ் போடணும். குதிங்கால்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா உரசாது. பத்து நாளுல தோலு காலுக்குப் பழகிடும்."

"பாய், இவனுங்க நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போட்டுக்கிட்டு சூளைக்குள்ள போவணும்."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் நவ்ஷாத். "வித்த சரக்க திருப்பி எடுக்க மாட்டேன், அதையும் சொல்லிடறேன்."

கம்பெனியில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஃப்யூஸ் அடுக்கிச் சூளைக்குள் போகிற பலகைகளில் பாதியைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் மூத்தவரான ஆண்டாள், "எங்களுக்கு ஷூ இல்லையா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"பொம்பள சைசு கடையில இல்ல. நீங்க சூளைப் பக்கமே வரதில்லைன்னு பேப்பர்ல எழுதிக்கிட்டோம்."

"அப்ப இந்தப் பலகையை இறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போவட்டுமா?"

"பேப்பர்லதான் வரதில்ல. நேர்ல வரலாம்" என்று மேஸ்திரி விளக்கினார்.

முதல் நாள் மேஸ்திரியைத் தவிர மற்ற பதினொரு பேரும் ஏழு மணிக்கு ஷூ போட்டார்கள். பத்து மணிக்கு ஒருவர் உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு நான்கு பேர் ஒரு காலில் நின்றார்கள். மணிபாரதி என்று இருபது வயதுப் பையன், எல்லோரையும் கிண்டல் செய்வதே தொழிலாக இருப்பவன், பகல் முழுக்க யாரையும் கிண்டல் செய்யவில்லை. மூன்று மணிக்கு ஒருவர் பலகையோடு நொண்டி, காயாத ஃப்யூஸ் நாற்பதையும் தரையில் போட்டார். அரங்கநாதன் வந்து அந்த நாற்பதையும் பார்த்தார். கொப்புளங்களைப் பார்க்கவில்லை.

கோவிந்தசாமி மட்டும் நேராக நடந்துகொண்டிருந்தார்.

"உனக்கு வலிக்கலையா அண்ணே?" என்றான் மணிபாரதி.

"நெருக்குது. உரசல் எதுவும் இல்ல."

உண்மை அதுதான். அந்தத் தோலில் உரசுவதற்கு ஷூவால் முடியவில்லை. மாறாக, ஷூதான் அவருக்கு வழி விட்டது. மறுநாள் மத்தியானத்துக்குள், அவர் கால் அகலத்துக்கு அது விரிந்துவிட்டது. மேஸ்திரிதான் அதை முதலில் கவனித்தார். தற்செயலாகக் காலை அதற்குள் விட்டுப் பார்த்தார். வீட்டுச் செருப்பு மாதிரி இருந்தது. அதைத் திருப்பித் தரவில்லை. இன்னும் டப்பாவிலேயே இருந்த தன்னுடையதை நீட்டினார். "இந்தா, எனக்கும் எட்டுதான். நீ இதைப் போட்டுக்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மேஸ்திரிக்குச் செய்தால் மற்றவர்களுக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? அடுத்த நாள் வரிசை வந்துவிட்டது. ஒரு ஜோடிக்கு ஒன்றரை நாள். கோவிந்தசாமியை மண் மிதிப்பதிலிருந்து எடுத்துப் பலகை சுமக்கப் போட்டார்கள், ஷூவைக் கழற்றாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அவரும் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார். காலையில் சூளை மேல் வெதுவெதுப்பான செங்கல்லில் ஷூவைக் கால் மணி நேரம் வைப்பார். இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டு, சூடு ஆறுவதற்குள் காலை நுழைப்பார். முதலில் உட்கார்ந்தபடியே விரல்களை மடக்கி நீட்டுவார். பிறகு நிற்பார். பிறகு நுனிக்காலில் எழும்பி எழும்பி இறங்குவார். பின்பக்கம் விறைப்பாக இருந்தால், ஈரத்துணி போட்டு மரக்கட்டையால் தட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவார். ஏழாம் நம்பருக்கும் இதே சிகிச்சைதான், அதில் அவர் முகம் கொஞ்சம் கூடுதலாகச் சுளிக்கும். மணிபாரதியின் ஷூவைச் சூளை மேல் மறந்துபோய் அதிக நேரம் வைத்ததில் அடித்தோல் பிரிந்துகொண்டது. அதையும் தைத்து வாங்கி வந்து கொடுத்தார்.

மேஸ்திரி எடுத்துக்கொண்டது கோவிந்தசாமியின் ஜோடி. எனவே மேஸ்திரியின் புது ஜோடிதான் இனி அவருடையது. அது டப்பாவில், அலமாரி மேலே, கடைசி முறைக்காகக் காத்திருந்தது. மூன்று வாரத்துக்கு இருபத்தொரு நாள். முதல் ஜோடி உட்படப் பதினொரு ஜோடிக்குப் பதினாறரை. மிச்சம் நாலரை நாள் இருக்கிறது என்று கோவிந்தசாமி கமலத்திடம் கணக்குச் சொன்னார்.

பதினேழாம் நாள் மத்தியானம் மேஸ்திரி ஒரு பையோடு வந்தார். உள்ளே அரங்கநாதனுடைய சொந்த ஷூ.

"மொதலாளியும் அன்னிக்கு ஷூ போட்டாத்தான மரியாதை. ஒன்றரை நாளு, அவ்வளவுதான்."

ஒன்றரை நாள் கழித்து இன்னொரு பை வந்தது. அது அரங்கநாதனுடைய மாப்பிள்ளையின் ஷூ. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போட வேண்டுமாம். முன்பக்கம் ஊசி மாதிரி கூர்மை. கோவிந்தசாமியின் கால் அதற்குள் நுழைவதற்கே அரை நாள் ஆனது. முழுசாக மூன்று நாள் அதுவே தின்றுவிட்டது.

"உங்க ஷூவை எப்பதான் போடுவீங்க?" என்று கமலம் கேட்டார்.

"இவ்வளவு ஷூ போட்டிருக்கேன். என்னுதைப் போடறதுக்கு எனக்கு என்னா பழக்கம் வேணும்?"

புதன்கிழமை ஆபீசர் வந்தார். பாலகிருஷ்ணன் என்று பெயர். கண்ணாடி போட்டு, ஒரு பேடில் பேப்பர் மாட்டிக்கொண்டு, மனிதர்களைக் காலிலிருந்து பார்க்கத் தொடங்குகிறவர். பன்னிரண்டு பேரும் சூளைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஐந்து பெண்களையும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே நிற்க வைத்திருந்தார்கள். பேப்பரில் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

கோவிந்தசாமி அன்று காலையில்தான் டப்பாவைத் திறந்து தன் ஷூவைப் போட்டிருந்தார்.

பாலகிருஷ்ணன் அனுபவசாலி. ஷூ போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிற ஆள் இல்லை. "எல்லாக் கம்பெனியிலயும் நான் வர அன்னிக்கு மட்டும் போட்டுக்குவாங்க. எனக்குத் தெரியாதா? கழட்டித் திருப்பிக் காட்டுங்க" என்றார்.

பதினொரு ஜோடியின் அடிப்பாகமும் தேய்ந்திருந்தது. பலகை சுமந்து, சூளை ஏறி இறங்கித் தேய்ந்த தேய்மானம். பாலகிருஷ்ணன் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது ஜோடி பளபளத்தது. நம்பர் ஒட்டின காகிதம்கூடக் கிழியவில்லை.

"பேரு என்ன?"

"கோவிந்தசாமிங்க."

"மூணு வாரமா இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"டப்பாவுலங்க" என்றார் கோவிந்தசாமி. பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தாலும் பட்டியலிலிருந்து பதினொரு பேரும் போய்விடுவார்கள். மேஸ்திரி தரையோடு நிறுத்தவில்லை. கண்ணையே மூடிக்கொண்டார்.

பாலகிருஷ்ணன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பதினொரு ஷூக்களிலும் சுண்டு விரல் பக்கம் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு புடைப்பு இருந்தது. அவர் பேப்பரில் எழுதியதை மேஸ்திரி எட்டிப் பார்த்துப் பிறகு எல்லோருக்கும் சொன்னார். 'களிமண் வேலையால் தொழிலாளர் பதினொருவருக்குக் கால் எலும்பு பாதிக்கப்பட்டுள்ளது. கோவிந்தசாமி ஒருவருக்கு மட்டும் கால் இயல்பாக உள்ளது. அவர் வேலை செய்வதாகவே தெரியவில்லை.'

"பெண்ணாடம் போயிட்டு, நெய்வேலியில வேலை இருக்கு. சனிக்கிழமை திரும்பி வரும்போது பார்ப்பேன்" என்று பாலகிருஷ்ணன் அரங்கநாதனிடம் சொன்னார். "அதுக்குள்ள இவர் ஒழுங்கா ஷூ போடற ஆளா மாறியிருந்தா சரி. இல்லைன்னா இவர் இல்லாம பட்டியல்."

ஜீப் போனது. மணிபாரதிதான் ஆரம்பித்தான். "சாணைக் கல்லு இருக்குதுல்ல, அடியைப் புடிச்சுத் தேச்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சுது."

"கல்லுல தேச்சா ஒரே சீரா தேயும்டா. மனுஷன் நடந்தாக் குதிங்கால்ல ஒரு பக்கமா தேயும். அந்த ஆளு கண்ணுக்குத் தப்பாது" என்றார் மேஸ்திரி. "கோவிந்தா, நீ இன்னியிலேருந்து கழட்டாம நட. வேற வழி இல்ல."

"மூணு நாளுல ஒரு ஆளு நடந்து மூணு வாரத் தேய்மானம் எப்படி வரும்?" என்றார் கோவிந்தசாமி. அவர் கோபமாகக் கேட்கவில்லை. கணக்காகத்தான் கேட்டார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஆண்டாள் வந்தார். அவருக்கு ஷூவும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. அதனால் பயமும் இல்லை.

"ஒரு ஆளு எதுக்கு நடக்கணும்? பதினோரு பேரு இருக்கீங்களே. அவரு உங்க ஷூவைப் போட்டாருல்ல? நீங்க அவரு ஷூவைப் போட்டு நடங்க."

"அக்கா, அது புதுசு. கடிக்கும்" என்றான் மணிபாரதி.

"கடிக்கட்டும். சனிக்கிழமை அந்த ஆபீசரு வரும்போது நான் சூளைக்கு முன்னாலதான் பலகையோட நிப்பேன். யாரு யாரு ஷூவை யாரு போட்டாங்கன்னு வரிசையா சொல்லுவேன். எனக்கு என்னா போவப் போவுது? பேப்பர்ல நான் இங்க இல்லவே இல்ல."

அன்று மத்தியானத்திலிருந்து சனிக்கிழமை காலை வரை கோவிந்தசாமியின் ஷூ நடப்பதை நிறுத்தவே இல்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம். வேலை நேரத்தில் சூளையைச் சுற்றி, வேலை முடிந்ததும் ஜங்ஷன் வரைக்கும் தார் ரோட்டில் போய்வந்தார்கள். கோவிந்தசாமிக்கு மட்டும் முறை கொடுக்கவில்லை. "நீ போட்டா விரிஞ்சிடும். அப்புறம் புடைப்பு வந்து, உனக்கும் எலும்புல பாதிப்புன்னு எழுதிடுவான்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மூன்று வாரமாகத் தள்ளிப் போட்ட கொப்புளங்கள் பதினொரு பேருக்கும் வட்டி இல்லாமல் வந்து சேர்ந்தன. மேஸ்திரிக்கு இரண்டு குதிங்காலிலும். மணிபாரதி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் தனக்கு விபத்து நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பாலகிருஷ்ணன் வந்தார். கோவிந்தசாமி முன்னால் வந்து ஷூவைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். குதிங்காலில் வெளிப்பக்கமாகத் தேய்ந்து, நுனியில் கல் கீறி, நடுவில் தார் ஒட்டியிருந்தது. பாலகிருஷ்ணன் விரலால் தடவிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? சொன்னா மாறிடறாங்க. கண்டிப்பா இருக்கணும், அவ்வளவுதான்" என்று அரங்கநாதனிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கோவிந்தசாமி பர்மனெண்ட் ஆனார்.

கிளம்பும்போதுதான் மற்ற பதினொரு பேரும் நடப்பதைப் பாலகிருஷ்ணன் பார்த்தார். எல்லோரும் நொண்டினார்கள். நல்லாப் பழகின, தேய்ந்த, விரிந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நொண்டினார்கள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பேப்பரில் ஒரு வரி கூடுதலாக எழுதினார். 'பதினொருவரின் ஷூ தரமற்றது. உடனே புதிய ஷூ வழங்கவும்.'

நவ்ஷாத் கடையிலிருந்து பதினொரு ஜோடி புதுசாக வந்தது. பதினொரு பேரும் அதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்கள். நல்லவேளையாக அரங்கநாதன் அவற்றைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த தடவை ஆபீசர் வரும்வரை யாரும் தொடக் கூடாது, அழுக்காகிவிடும் என்று சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கம்பெனியில் ஒரு சாமானும் காயவில்லை. மெஷினும் ஓடவில்லை, சூளையும் எரியவில்லை. பர்மனெண்ட் ஆட்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் நாளே சீட்டுக்கட்டு வந்தது. கோவிந்தசாமிக்கு மட்டும் சும்மா உட்காருவது வரவில்லை. வேலை செய்யாமல் கம்பெனிக்குள் இருப்பது, அடுத்தவர் வீட்டில் அழைக்காமல் போய் உட்கார்ந்திருப்பது மாதிரி அவருக்கு இருந்தது.

"மேஸ்திரி, நான் என்னா செய்யறது?"

"ஒண்ணும் செய்யாத. அதுக்குத்தான் சம்பளம்."

மூன்றாம் நாள் அவர், மறுபடி மண் மிதிக்கப் போனதிலிருந்து டப்பாவில் கிடந்த தன் ஷூவை எடுத்து வந்தார். தேய்ந்து போயிருந்ததே தவிர, பதினொரு பேர் நடந்த அந்த ஷூ இவருடைய அகலத்துக்கு ஒரு நூல்கூட விரிந்திருக்கவில்லை. சூளை மேல் வைக்கலாமென்றால் சூளை ஜில்லென்று இருந்தது. வெறும் கையால் பிசைந்தார். எண்ணெய் தடவினார். உட்கார்ந்து விரல்களை மடக்கினார், நின்றார், நுனிக்காலில் எழும்பினார். பிறகு அணைந்த சூளையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். நாலு நாள் அப்படி நடந்தார். சீட்டாடுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மேஸ்திரி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "கோவிந்தா, அதைக் கழட்டி வை. ரொம்பத் தேயுது."

"தேஞ்சாத்தான நல்லதுன்னு சொன்னீங்க."

"அது போன தபா. அடுத்த தபா அந்த ஆளு என்னா பாப்பான்னு யாருக்குத் தெரியும்? பழசா இருக்குதுன்னு சொன்னா? கழட்டி டப்பாவுல வை."

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் கோவிந்தசாமி அப்போதே குனிந்து கயிற்றை அவிழ்த்திருப்பார். இப்போது குனியவில்லை.

"இன்னிக்குத்தான் மேஸ்திரி சுண்டு விரலு உள்ள போயி உக்காந்திருக்குது" என்று சொன்னார். ஓட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிய இடத்தை ஒதுங்கித் தாண்டி, சூளையைச் சுற்றி அடுத்த நடையைத் தொடங்கினார்.